என் முட்டியைப் பற்றி என்னிடமே கேட்ட டாக்டர்

அம்மனைக் கும்பிடுகிற சனங்களே, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருஷம் ஆடியில் கூழ் ஊற்றும்போது என்னால் கோயில் படி ஏற முடியவில்லை. இடது முட்டி அப்படி வீங்கியிருந்தது. என் பெயர் குப்பம்மாள். காவலூர்ப் பக்கம் மலையில் சாமை விதைக்கிறவள். மேட்டில் ஏறி இறங்காமல் எனக்குப் பிழைப்பு இல்லை. இனி அவ்வளவுதான் என்று தோன்றியது.

மகன் ஏழுமலை கீழே டவுனில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அங்கே டாக்டர் எக்ஸ்ரேவைப் பார்த்தார். பிறகு என் மகனைப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

"ரெண்டு முட்டியும் மாத்தணும். அடுத்த வாரமே சேத்துடுங்க. லேட் பண்ணா படுத்த படுக்கைதான்."

"எனக்கு வலது முட்டி வலிக்கவே இல்லீங்களே" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாதும்மா" என்றார்.

என் கால் எனக்குத் தெரியாதா? எதையோ மறைக்கிறார்கள் என்று பட்டது. என் நாத்தனார் முனியம்மாவுக்கும் இதே ஆபரேஷன் நடந்தது. வலி போனது, ஆனால் தரையில் உட்கார முடியாமல் போனது. "முன்னாடியே சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன் அண்ணி" என்று என்னிடம் அழுதாள்.

அதற்குப் பிறகு மகன்மேலும் சந்தேகம் வந்தது. அவனிடம் தனியாக என்ன சொன்னார்களோ. சோறு இறங்கவில்லை. காளியம்மன் முன்னால் போய் நின்றேன். "தாயே, காலைக் குணமாக்குன்னுகூட கேக்கல. எங்கிட்ட நெசத்த சொல்ற ஒரு ஆளைக் காட்டு" என்றேன். தினமும் அதே வேண்டுதல்தான்.

பத்து நாள் கழித்து எங்கள் ஊருக்கு வரும் நர்சம்மா, அரசு ஆஸ்பத்திரியில் ஒரு எலும்பு டாக்டரம்மா இருப்பதாகச் சொன்னார். மகனோடு போனேன். டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"தெனம் இன்னா இன்னா வேலை செய்றீங்கம்மா? எது முடியாம போனா உங்களுக்கு ரொம்பக் கஷ்டம்?"

சந்தேகம் அதிகமானது. படித்தவர் என்னிடம் ஏன் கேட்கிறார்? தொழில் தெரியாதவரோ? சொன்னேன். மேடு ஏறணும், தரையில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுக்கணும்.

"ஆபரேஷன் பண்ணா வலி குறையும், நடக்கலாம். ஆனா கீழ உக்காந்து எழுந்திரிக்கலாம்னு சத்தியம் பண்ண மாட்டேன். கொஞ்ச பேருக்கு வலி முழுசாப் போறதில்ல. வலது முட்டிக்கு இப்ப ஒண்ணும் வேணாம். அவசரமும் இல்ல. மொதல்ல பயிற்சி செஞ்சி பாருங்க. அப்புறம் ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணலாம்."

அடுத்த மாதம் மகன் இல்லாமல் நான் மட்டும் பஸ் ஏறினேன். அவரைச் சோதிக்க ஒரு பொய் சொன்னேன். "ஆபரேஷன் பண்ணா கீழ உக்காரலாம்னு போன தடவ சொன்னீங்களே."

"நான் அப்டி சொல்லலியேம்மா" என்று என் சீட்டை எடுத்து, போன தடவை எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினார். ஒரு வார்த்தை மாறவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேண்டுமென்றே கேட்டேன் என்று ஒப்புக்கொண்டேன்.

"கேளுங்க. கேக்காம ஒத்துக்காதீங்க" என்றார்.

தாய் காட்டிய ஆள் இவர்தான் என்று அப்போது தெரிந்தது.

பயிற்சியில் வீக்கம் வற்றியது. மேடு மட்டும் ஏற முடியவில்லை. மாசியில் மரத்திலிருந்து புளி உலுக்கி முடிந்ததும் நானே போய்ச் சொன்னேன்: "இடது முட்டி மட்டும் பண்ணிடுங்க. கீழ உக்கார முடியாதுன்னு தெரிஞ்சிதான் சொல்றேன்."

ஆபரேஷன் முடிந்து இப்போது மேட்டுக்கு நடக்கிறேன். புளி வேலையை முக்காலியில் உட்கார்ந்து செய்கிறேன். அதற்காக நான் அழவில்லை, தெரிந்து எடுத்த முடிவு. சந்தேகப்பட்டதற்கு மகனிடம் மன்னிப்பும் கேட்டேன். முன்பெல்லாம் யார் எதை நீட்டினாலும் கைநாட்டு வைப்பேன். இப்போது படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகுதான் வைக்கிறேன்.

உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வந்தால் தாயிடம் போங்கள். சந்தேகம் இருந்தால் அதையும் அவளிடமே சொல்லுங்கள், அவள் கோபிக்க மாட்டாள். பிறகு டாக்டர் முன்னால் உட்கார்ந்து, வாயைத் திறந்து கேளுங்கள்.