எடை போடாத புழுதி

சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, மேசைமேல் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்ட தகர டப்பாக்கள். டாக்டரை நினைத்தால் அவர் முகத்துக்கு முன்னால் எனக்கு வந்து நிற்பவை இவைதான். அவற்றில் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு. அன்று அந்த அறையில் அவற்றைப் பார்த்துச் சந்தோஷப்படாதவர் ஒருவர்தான். டப்பாக்கள் அவருடையவை.

மைசூரில் மகாராஜா ஆட்சி நடந்த காலம். நான் ஒரு சர்க்கார் இலாகாவில் டைப்பிஸ்டாக இருந்தேன். டாக்டர் சீமையில் படித்துப் பட்டம் பெற்றவர், நாடி பிடிக்கிறவர் அல்ல. அவர் ஆராய்ந்தது புழுதியை. உழுத நிலத்தின் மேல்மண்ணைக் காற்று எவ்வளவு வாரிக்கொண்டு போகிறது, அதை எங்கே கொண்டுபோய் இறக்குகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. வாசலில் 'டாக்டர்' என்று பலகை தொங்கியதால் இருமலோடு சிலர் வந்து கையை நீட்டுவார்கள். அவர் கையைத் தொடமாட்டார். உங்கள் வீட்டு வாசல் எந்தத் திசை, எதிரே உழுத காடு உண்டா என்று அக்கறையாக விசாரிப்பார். பிறகு, நர்ஸாக இருந்த தம் மனைவியிடம் அனுப்பிவைப்பார். "அவர் காத்தப் பாத்துக்கட்டும், இருமல நான் பாத்துக்கறேன்" என்பார் அந்த அம்மாள்.

புழுதி பட்டாலே தும்முகிற என்னை அந்த ஆபீசுக்கு மாற்றியதிலிருந்து, சர்க்காருக்கும் நகைச்சுவை உணர்ச்சி உண்டு என்று தெரிந்துகொண்டேன். தராசு இருந்த அறைக்குள் நான் நுழையக் கூடாது என்பது டாக்டர் போட்ட ஒரே உத்தரவு. "நீங்க ஒரு தும்மல் போட்டா அரை ஏக்கரா பறந்துடும், சாமி" என்பார். அந்த அறை வாசலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றே நான் விஞ்ஞானம் பயின்றேன்.

சாமராஜநகர்ப் பக்கம் ஆடிக்காற்றை நேரில் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிலம் எழுந்து நடப்பது போல இருக்கும். அங்கே சில விவசாயிகளிடம் மன்றாடி, நிலத்தின் மேற்கு ஓரத்தில் காற்றுக்குக் குறுக்கே புதர்ச்செடிகளை வேலி போல டாக்டர் வளர்க்கச் செய்திருந்தார். வேலி வைத்த நிலத்திலும் வைக்காத நிலத்திலும் கம்பு நட்டு, காற்று வருகிற திசையைப் பார்த்து வாய் திறந்த டப்பாக்களைக் கட்டினார். ஆடி முழுவதும் காற்று அவற்றில் மண்ணைக் கொட்டியது. தசரா முடிந்ததும் ஒரு கமிட்டி கூடி இந்த வேலையைத் தொடருவதா, மூட்டை கட்டுவதா என்று முடிவு செய்யும். மூட்டை கட்டினால் வேலிகளை வெட்டிவிடுவார்கள். டாக்டரின் உத்தியோகமும் அதோடு போகும். ஆகவே எல்லாம் அந்த மண்ணின் எடையைப் பொறுத்திருந்தது. அந்த நேரம் பார்த்துத் தராசு பழுதாகி, பெங்களூருக்குப் போயிருந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் அது திரும்பி வந்தது. டாக்டர் மாலை முழுவதும் அதன் முன் உட்கார்ந்து, எடைக்கற்களை வைத்து எடுத்து, முள்ளைச் சரிபார்த்து, மனம் குளிர்ந்து வீட்டுக்குப் போனார். எங்கள் ஆபீஸ் சேவகரான தபேதார் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராமாபுரத்துக்காரர், மீசையும் மார்புக்குக் குறுக்கே டவாலியுமாக இலாகாவுக்கே ஒரு கம்பீரம் கொடுத்தவர். அந்த ஆபீசின் வழக்கம் அவருக்கு மனப்பாடம்: மண் வரும், டாக்டர் நிறுப்பார், நிறுத்த மண்ணைக் கொட்டி டப்பாவைக் கழுவி வைக்க வேண்டும். தராசு வந்தாயிற்று. டாக்டர் உட்கார்ந்து எழுந்தாயிற்று. மறுநாள் பூஜை. வேறென்ன யோசிக்க இருக்கிறது?

டாக்டர் கிறிஸ்தவர். ஆனாலும் ஆயுத பூஜைக்குத் தவறாமல் வருவார். நிலைப்படியருகே நின்றபடி, பொரிகடலையை எங்களைவிட ஆசையாகச் சாப்பிடுவார். அன்றும் சிரித்துக்கொண்டேதான் வந்தார். என் டைப்ரைட்டருக்கு விபூதிப்பட்டை. தராசுக்கு மல்லிகைச் சரம். அடுத்து டப்பாக்கள். அவற்றைக் கண்டதும் வாயருகே கொண்டுபோன பொரி கையிலேயே நின்றுவிட்டது.

"இதுல இருந்த மண்ணு?"

"கொட்டிப்போட்டனுங்க. பண்டிகையும் அதுவுமா ஆயுதத்த அழுக்கா வெக்கலாங்களா?"

"எங்க கொட்டினே?"

"பின்னால ரோஜாச் செடிக்குங்க. நல்ல மண்ணுங்க அது."

எல்லா நிலத்து மண்ணும் ஒரே செடியின் அடியில் கலந்து, தண்ணீரும் ஊற்றப்பட்டு, ஈரமாகக் கிடந்தது. டாக்டர் அதன் எதிரே குந்தி உட்கார்ந்து மண்ணை விரலால் கிளறிப் பார்த்தார். யாரும் விளக்காமலே தபேதாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. டவாலியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "இன்னைக்கே ரயிலேறிப் போயி, அந்தந்தக் காட்டுலயே மண்ணு அள்ளிட்டு வந்துர்றனுங்க. ஒண்ணோட ஒண்ணு கலக்காம கொண்டாறனுங்க."

"நீ அள்ளினா அது உன் மண்ணு. எனக்குக் காத்து அள்ளின மண்ணு வேணும்" என்றார் டாக்டர். பிறகு எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, "ஆனது ஆச்சு, விடு. டவாலியப் போட்டுக்க. எல்லாருக்கும் பொரி குடு" என்றார்.

கமிட்டிக்கு முன் மேலதிகாரி அவரைக் கூப்பிட்டார். டப்பாக்களைக் கையில் தூக்கிப் பார்த்திருப்பீர்களே, எது கனம் எது லேசு என்று தெரியாதா, உத்தேசமாக எண்களைப் போட்டுவிடுங்கள் என்றார். அவர் கெட்டவர் அல்ல, டாக்டரின் வேலை நிலைக்கட்டும் என்றுதான் சொன்னார். வேலி நிலத்து டப்பாக்கள் லேசு என்று எங்கள் எல்லாருக்குமே நினைவு. அறிக்கை அடிக்க உட்கார்ந்தபோது நானும் சொன்னேன்: "போடுங்க சார். காத்து வந்து ஆட்சேபணை சொல்லப் போகுதா?"

"காத்து வராது. நான் தினம் வரணுமே" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். "இந்த ஆண்டின் எடை கைவசம் இல்லை. நிறுக்கும் முன்பே டப்பாக்கள் சுத்தம் செய்யப்பட்டன. நிறுக்கவில்லை என்று ஆபீசில் சொல்லிவைக்காதது என் கவனக்குறைவு." யார் சுத்தம் செய்தது என்று ஒரு வார்த்தை சேர்க்கலாமா என்று கேட்டேன். "அந்தாளுக்குப் பென்ஷன் கிட்ட வந்துட்டுது" என்றதோடு நிறுத்திக்கொண்டார். கமிட்டியில் சிரித்தார்களாம். தலைவர், அப்படியானால் உமக்கு என்னதான் தெரியும் என்று கேட்டாராம். "காற்று அடித்தது என்று தெரியும். எவ்வளவு என்று தெரியாது" என்று சொல்லி டாக்டர் உட்கார்ந்துவிட்டார். திட்டம் அதோடு முடிந்தது. சில மாதங்களில் அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியாராகப் போனார்.

இன்று நான் எழுதிப் பிழைக்கிறேன், அதாவது உத்தேசத்தில் பிழைக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று எழுதினால் பத்திரிகையில் பாதிப் பக்கம் காலியாகப் போகும். மகாராஜா ஆட்சி போய்விட்டது. கமிட்டிகள் போகவில்லை. அவற்றில் கையில் எண் இல்லாமல் எழுந்து நிற்கிறவர் யாரையும் நான் பிறகு பார்க்கவில்லை. பஸ் கிளப்பிவிட்டுப் போகிற புழுதியில் தும்மும்போதெல்லாம் மட்டும், இது யார் காட்டு மண்ணோ என்று தோன்றுகிறது.

அந்தக் கமிட்டிக்கு அடுத்த ஆடியில் டாக்டர் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, டப்பாக்களோடு சாமராஜநகர் ரயிலேறினார். பெரும்பாலான வேலிகளை வெட்டியிருந்தார்கள். ஒரு சோம்பேறி விவசாயியின் நிலத்தில் மட்டும் வேலி நின்றது. வெட்ட வேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டே இருந்தாராம். விஞ்ஞானம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. கம்பு நட, யாரும் கூப்பிடாமலே தபேதார் லீவில் வந்திருந்தார்.

காற்று ஓய்ந்தபின் பள்ளிக்கூடத்துத் தராசில் எடை போட்டார்கள். அன்று நானும் போயிருந்தேன்; வழக்கம்போல வாசலில், மூக்கைப் பிடித்தபடி. வேலிக்கு அடுத்த டப்பாவில் மண் கொஞ்சம்தான் இருந்தது. அதே நிலத்தின் நடுவில் வைத்த டப்பாவிலோ, வேலியே இல்லாத நிலத்தில் விழுந்த அளவு இருந்தது. கையால் தூக்கிப் பார்த்த வேலியோர டப்பாக்களை வைத்து, நிலம் முழுவதுக்கும் நாங்கள் உத்தேசித்தது தப்பு. அந்த எண்களைப் போட்டிருந்தால், போதாத வேலியைச் சர்க்கார் செலவில் ஊர் ஊராக வைத்திருப்பார்கள். உத்தியோகம் திரும்பக் கிடைத்தவர் போல டாக்டர் சிரித்தார். "ஒரு வேலி பத்தாது. நடுவுல இன்னொண்ணு வேணும். பாத்தீங்களா, பத்தாது!"

தபேதார் கடைசி டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

"இப்பக் கொட்டலாங்களா?"

டாக்டர் அதை வாங்கி இன்னொரு முறை நிறுத்தார். எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இப்பக் கொட்டலாம்."