இரண்டு நாளைக்கு ஒரு பெட்டி

தானா ராத்தா டவுனில் நான் ஏறிய பஸ், தேயிலை எஸ்டேட் ரோடு பிரியும் இடத்தில் என்னை இறக்கிவிடுகிறது. கார் இல்லாமலே சுற்றிவந்து காட்டுகிறேன் என்று வீட்டில் சவால் விட்டு வந்தவள் நான். தங்கும் அறைக்குப் போகும் ஏற்றத்தில் பத்தடி இழுப்பதற்குள் பெட்டியின் சக்கரம் கழன்று கால்வாயில் விழுகிறது.

ஓரத்தில் கொழுந்து மூட்டை கட்டிக்கொண்டிருந்த அக்கா வந்து, பெட்டியைத் தூக்கிப் பார்க்கிறார்.

“உள்ள என்னா?”

“ரெண்டு நாளைக்குத் துணிக்கா. நாலு ஜோடி செருப்பு.”

“இது பூரா கொழுந்தா இருந்தா, எனக்கு இன்னைக்கி வேலை முடிஞ்சிருக்கும் லா. லோரி வரும், ஏறிக்கிறியா?”

“வேணாங்கா. நடந்தேதான் போவேன்.”

அக்கா தன் துணியைச் சும்மாடாகச் சுருட்டி என் தலையில் வைக்கிறார். மேலே அறை வரைக்கும் நாலு ஜோடி செருப்பையும் தலையில் சுமந்து நடக்கிறேன்.