பின்கியரில் ஏறிய மேடு

அறுபதுகளின் கடைசியில், ஒரு மார்கழி விடியலில், குன்னத்தூரிலிருந்து திருப்பூருக்கு வரும் சாலையில் இது நடந்தது. அன்றைய நாட்குறிப்பு இப்போதும் என் மேஜையில் இருக்கிறது. கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம் எல்லாம் அதில் உண்டு. அதில் எழுதாமல் விட்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

அப்போது எனக்குத் திருப்பூர் காதர்பேட்டைக்குப் பின்னால் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி. நான்கு தையல் மெஷின்கள். மடிப்பதும் பெட்டியில் அடுக்குவதும் என் வேலை. ஒரு பழைய கருப்புக் காரும் இருந்தது. அது பெருமைக்காக வாங்கியதல்ல. அதற்கு இரண்டு வருஷம் முன்பு என் மனைவி முதல் பிரசவத்துக்குக் குன்னத்தூர் பக்கம் அவள் அம்மா வீட்டுத் தோட்டத்துக்குப் போயிருந்தாள். வலி எடுத்ததும் மாட்டு வண்டியில் திருப்பூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். வழியில் ஒரு நீண்ட மேடு வரும். இரண்டு பக்கமும் பனைமரம். கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு கிடையாது. அந்த மேட்டில் வண்டியிலேயே குழந்தை பிறந்தது. அழவே இல்லை. இன்னொரு முறை வலி எடுக்கும்போது வாசலில் கார் நிற்க வேண்டும் என்றுதான் அதை வாங்கினேன்.

அவளுக்கு மறுபடி எட்டாம் மாதம் நடக்கும்போது காருக்கு ஒரு புதுக் குணம் வந்தது. அழுத்தினால் இஞ்சின் சத்தம் மட்டும் ஏறும், வேகம் ஏறாது. எந்த இடத்தில், எந்தக் கியரில், உள்ளே எத்தனை பேர் இருக்கும்போது என்று தனித்தாளில் எழுதிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் கொடுத்தேன். ரயில்வே கேட் பக்கம் பட்டறை வைத்திருந்தவர். படித்துவிட்டுச் சிரித்தார்.

"காருக்கு ஜாதகமே கணிச்சுட்டீங்க. கிளட்ச் பிளேட் தேஞ்சு போச்சுங்க. மாத்தோணும்."

கியர்பாக்ஸை இறக்க வேண்டும், பிளேட் கோயமுத்தூரிலிருந்து வர வேண்டும், பத்து நாள் ஆகும் என்றார். அவர் சொன்ன தொகை, காரை வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கு. அதே அளவு பணத்தை நான் ஐந்தாவது மெஷினுக்கு எடுத்து வைத்திருந்தேன்.

"மாத்தாம ஓட்டுனா?"

"சமதரையில ஓடுமுங்க. மேட்டுல கைய விரிச்சுரும்."

எங்கள் பக்கத்தில் மனது இரண்டாக நிற்கும்போது கோயிலில் பூக் கேட்பார்கள். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. இரண்டையும் வெளியே தெரியாமல் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. கல்யாணத்துக்குக் கேட்பார்கள், கிணறு வெட்டக் கேட்பார்கள். நான் கிளட்சுக்குக் கேட்டேன்.

பக்கத்துக் குன்றில் இருக்கும் முருகன் கோயிலுக்கு மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். வழக்கமாகப் பூசாரிதான் பொட்டலம் கட்டுவார். அவர் இலையில் கட்டினால் நிறம் தெரிந்துவிடும் என்று, பனியன் பெட்டிக்குள் வைக்கும் தாளை இரண்டு துண்டாக அளந்து வெட்டி, பூக்களை நானே மடித்துக் கட்டினேன். "இப்போதைக்கு மாற்றாமல் விடலாமா?" என்பது கேள்வி. மனைவியை எடுக்கச் சொன்னேன். அவள் இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். எடுத்தாள். வெள்ளை.

அன்றைய குறிப்பு: 'வெள்ளை வந்தது. மாற்ற வேண்டியதில்லை.' கீழே ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டிருக்கிறேன்.

மெக்கானிக்கிடம் சொன்னேன். "சாமி சொல்லிருச்சு, சரிங்க. பிளேட்டுக்கும் யாராச்சும் சொல்லோணுமுங்களே" என்றார்.

திருப்பூரில் அவளுக்குத் துணைக்கு ஆள் இல்லாததால், மாதம் நெருங்கியதும் மனைவியைக் கூட்டிக்கொண்டு காரோடு மாமியார் தோட்டத்துக்குப் போய்த் தங்கிவிட்டேன். பன்னிரண்டு நாள் கார் வாசலில் சும்மா நின்றது. கிளட்சை மாற்றப் பத்து நாள் போதும் என்பதை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் விடியும்போது வலி வந்தது. மனைவியும் மாமியாரும் பின்சீட்டில். வெளியே பனி. முன்பக்கம் இருபது முழத்துக்கு மேல் சாலை தெரியவில்லை. சமதரையில் வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது. பனைமரங்கள் ஒவ்வொன்றாகப் பனியிலிருந்து வெளிவந்தபோது, மேடு தொடங்கிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

பாதிக்குக் கொஞ்சம் கீழே இஞ்சின் அலற ஆரம்பித்தது. கார் மெதுவானது. நான் அழுத்த அழுத்தச் சத்தம் மட்டும் ஏறியது. கனவில் ஓடும்போது கால் நகராது இல்லையா, அப்படி. கருகிய வாடை உள்ளே நிறைந்தது. கார் நின்று, தானாகவே பின்னால் உருண்டது. அடிவாரத்தில் பிரேக் போட்டு நிறுத்தினேன்.

"அதே எடம், மாப்பிள்ளே" என்றார் மாமியார்.

ஜன்னல் பக்கம் ஒருவர் நின்றிருந்தார். வந்த சத்தம் கேட்கவில்லை. தலையோடு கம்பளி போர்த்தியிருந்தார், முகம் தெரியவில்லை. பின்னால் பனிக்குள் செம்மறி ஆடுகள். ஒன்றுகூடக் கத்தவில்லை.

"அஞ்சு பேரை வெச்சுக்கிட்டு முன்கியர்ல ஏறாதுங்க" என்றார்.

"மூணு பேருதானுங்க" என்றேன்.

அவர் பின்சீட்டைக் குனிந்து பார்த்தார். "கொஞ்சம் ஆற உட்டுட்டு வண்டியைத் திருப்புங்க. பின்கியருக்குப் பலம் ஜாஸ்தி. பின்னாலயே ஏத்துங்க. நடுவுல நிறுத்தீராதீங்க, சாமி."

வேறு வழி தெரியவில்லை. சற்று ஆற விட்டு, காரைத் திருப்பினேன். தலையை வெளியே நீட்டிப் பின்பக்கம் பார்த்துக்கொண்டே பின்கியரில் ஏற்றினேன். கார் நடை வேகத்தில் ஏறியது. நாங்கள் ஏறியது திருப்பூரை நோக்கி. காரின் முகமோ விட்டு வந்த பக்கம் பார்த்தது.

"ஏனுங்க, அவரு வந்துட்டே இருக்கறாருங்க" என்றாள் மனைவி.

ஒரு கணம் முன்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பனிக்குள் அந்தக் கம்பளி உருவம், சுற்றிலும் ஆடுகள். நாங்கள் நகர நகர அவரும் வந்தார். இடைவெளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மாமியார் கண்ணை மூடி முருகா முருகா என்றுகொண்டிருந்தார்.

உச்சிக்கு வந்து சமதரையில் காரைத் திருப்பியபோது பனி கொஞ்சம் விலகியிருந்தது. கீழே பார்த்தேன். சாலையில் யாருமே இல்லை. ஒரு ஆட்டுக்குட்டிகூட இல்லை.

ஆஸ்பத்திரிக்குள் போன அரை மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. நன்றாக அழுதது. வராந்தாவில் நின்ற எனக்கே கேட்டது.

மறுநாள் மெக்கானிக் கிளட்சைப் பிரித்து, ஆணி மட்டும் மிச்சமிருந்த பிளேட்டை என் கையில் வைத்தார். "இதுலயா வந்தீங்க?" என்றார். அன்று அவர் சிரிக்கவில்லை. மெஷினுக்கு வைத்த பணத்தை அவரிடம் கொடுத்தேன்.

அடுத்த வாரம் ஒரு வேட்டியும் துண்டும் வாங்கிக்கொண்டு அந்த ஆளைத் தேடிப் போனேன். சுற்றுப்பட்ட தோட்டங்களில் எல்லாம் விசாரித்தேன். ஆடு வைத்திருந்த ஒரு பெரியவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பனி காயாம ஆட்டைப் பட்டியை உட்டு வெளிய யாருங்க உடுவாங்க? ஈரப் புல்லு தின்னா நோவு வந்துருமுங்க" என்றார். வேட்டியையும் துண்டையும் முருகன் கோயில் பூசாரியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று மாலை மனைவியிடம் இதைச் சொன்னேன். குழந்தையைத் தட்டிக்கொண்டே அவள் சொன்னாள்.

"அவரு சரியாத்தானுங்க எண்ணுனாரு. நாம மூணு பேரு, வயித்துல இவ. அந்த மேட்டுல விட்டுட்டு வந்தது ஒண்ணு."

பேச்சை மாற்ற நினைத்து, "வெள்ளைப் பூ வந்தும் ஏன் இப்படி ஆச்சு?" என்றேன்.

"வெள்ளை வரலீங்க. நாந்தான் எடுத்தேன்."

"எப்படித் தெரிஞ்சுது?"

"செவப்பைச் சும்மா சுருட்டி வெச்சிருந்தீங்க. வெள்ளையைப் பனியன் மடிக்கற மாதிரி நாலு மூலையும் சேத்து மடிச்சிருந்தீங்க. எது வரோணும்னு நீங்க நெனச்சீங்களோ அதை எடுத்துக் குடுத்தேன்."

இரண்டையும் ஒரே மாதிரி மடித்ததாகத்தான் சத்தியமாக நினைத்திருந்தேன். "உனக்குப் பயமா இல்லையா?" என்றேன்.

"பயமாத்தானுங்க இருந்துச்சு" என்றாள்.

மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அந்த மேட்டில் வந்தவர் யார் என்று இதுவரை எனக்குத் தெரியாது. அதைவிட, எனக்குத் தெரியாமல் அந்தப் பூவை மடித்த என் கையை நினைத்தால்தான் இன்றும் பயமாக இருக்கிறது.