பெரிய மானிட்டர்

எனக்கு வீடு சிதம்பரத்தில். இடுப்பு எலும்பு முறிந்து படுத்த அம்மா கடலூரில். வாரத்தில் பாதி நாள் அங்கே, லேப்டாப்பும் கையுமாக. ஒரே திரையில் கணக்குப் பார்த்துக் கண் போய்விடும் போலிருந்தது. பஸ்ஸில் எடுத்துப்போகும்படி ஒரு மானிட்டர் தேடினேன்.

கடைக்காரர் சின்னதாக ஒன்றை நீட்டினார். "இது போதும்க்கா, பையில வச்சதே தெரியாது."

எரிச்சல் வந்தது. நாளெல்லாம் அதை வெறிக்கப்போவது அவரா, நானா? பெரியதைக் கையில் தூக்கிப் பார்த்தேன். கடை வாசல் வெளிச்சத்தில் கூசுகிறதா என்று பார்த்தேன். அதையே வாங்கினேன்.

கடலூரில் அம்மாவின் கால்மாட்டில்தான் என் மேசை. அம்மாவைப் பார்த்தபடி உட்காருவேன். லேப்டாப்புக்குப் பின்னால் மருந்து வந்த அட்டைப்பெட்டியை வைத்து, அதன்மேல் மானிட்டரை நிறுத்தினேன். எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. வேலை மளமளவென்று ஓடியது.

மத்தியானம் அம்மா குரல் கொடுத்தாள்.

"கௌம்பிட்டியா?"

"இல்லம்மா, இங்கதான இருக்கேன்."



"அந்த மடக்குற சின்னப் பொட்டி மட்டும் இருந்தப்ப நெத்தியாவது தெரிஞ்சிது" என்றாள்.