நீல வேனின் சார்ஜ் விளக்கு

அவரை எல்லோரும் 'மீட்டர்' என்றுதான் கூப்பிட்டார்கள். சாப்பிடப் போகும்போதுகூட மல்டிமீட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிற ஆள். இருபத்தாறு வருடமாக வண்டிகளுக்கு எலக்ட்ரீஷியன். பழைய வண்டி வாங்குகிறவர்கள் அவர் வந்து பார்த்துத் தலையாட்டினால்தான் கையெழுத்துப் போடுவார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

தங்கை புருஷன் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். சொந்தமாக வேன் வாங்கிச் சரக்கு ஓட்டலாம் என்று அலைந்தவன், ஒருநாள் காலையில் வந்து நின்றான்.

"ஒரு நீலக் கலர் வேன் பார்த்திருக்கேன் மச்சான். நீங்க ஒரு தடவை கை வச்சுப் பார்த்துட்டா, கண்ணை மூடிக்கிட்டு எடுத்துடுவேன்."

புரோக்கரின் தகரக் கொட்டகையில் வேன் பளபளவென்று நின்றது. "பேட்டரி புத்தம் புதுசுண்ணே" என்று புரோக்கர் பல்லைக் காட்டினான். பழைய வண்டியில் புதுப் பேட்டரி என்றாலே மீட்டருக்கு உறுத்தும். பழையது ஏன் செத்தது?

எல்லாவற்றையும் அணைத்து, சாவியை உருவி, கதவுகளைச் சாத்தினார். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, நடுவில் மல்டிமீட்டரை மாட்டிவிட்டு ஒரு கவிழ்த்த டப்பாமேல் உட்கார்ந்தார். வண்டிக்குள் இருக்கும் சின்னச் சின்ன எலக்ட்ரானிக் பெட்டிகளெல்லாம் அடங்க அரைமணி நேரம் ஆகும். அடங்கிய பிறகும் எண் இறங்கவில்லை. ஐம்பது மில்லி ஆம்பியருக்குக் கீழே இருக்கவேண்டியது நானூறைத் தாண்டி நின்றது. சும்மா நிற்கிற வண்டி கமுக்கமாகப் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருந்தது.

ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். உள் விளக்கின் ஃப்யூஸ் கைக்கு வந்ததும் எண் மடமடவென்று விழுந்தது. அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே போய்த் தரைவிரிப்பைத் தூக்கினார். அடியில் காய்ந்த வண்டல். இணைப்புகளில் பச்சைப் பச்சையாகக் களிம்பு.

"மாப்ள, இது தண்ணியில முழுகுன வண்டி."

"சேச்சே, யாருண்ணே சொன்னது?" என்றான் புரோக்கர்.

மீட்டர் டாஷ்போர்டைக் கழற்றினார். திருகாணி ஓட்டையின் விளிம்பில், நீலத்துக்கு அடியில் வெள்ளை பெயிண்ட் தெரிந்தது. டார்ச்சை உள்ளே அடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஸ்பீடாமீட்டருக்குப் பின்னால் இரண்டு ஒயர்களைச் சேர்த்து, மெழுகு நூலால் இறுக்கிக் கட்டி, அதன்மேல் டேப் சுற்றியிருந்தது. டேப்புக்கு அடியில் நூல் கட்டுகிற ஆள் அந்த ஊரிலேயே ஒருத்தர்தான்.

அது அவரேதான். மூன்று வருடத்துக்கு முன்னால், அப்போது வெள்ளையாக இருந்த இந்த வேனை ஒரு வியாபாரி கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். அப்போதே ஒயரெல்லாம் அரித்துப் போயிருந்தது, ஒயரிங் மொத்தத்தையும் மாற்றவேண்டும் என்று இவர் அடித்துச் சொன்னார். "ஓடுது இல்ல? சார்ஜ் லைட்டு மட்டும் அப்பப்ப எரியுது. அதை எரியாம பண்ணிக் குடுங்க, போதும்" என்றான் அவன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நிறைய வேலை கொடுக்கிற ஆசாமி. பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாதபோது எரிந்து எச்சரிக்கிற அந்த விளக்கை ஆயில் விளக்கின் ஒயரோடு சேர்த்துவிட்டார். சாவி போட்டால் எரியும், வண்டி கிளம்பினால் அணையும். அதன்பிறகு பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாமலே போனாலும் ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. வேலை இருபது நிமிடத்தில் முடிந்தது.

"நடுவுல யாருகிட்ட இருந்துச்சு?" என்று கேட்டார்.

"ஒரு டெய்லருண்ணே. சாயங்காலம் போயிட்டு இருக்கறப்ப நடு ரோட்டுல எல்லா லைட்டும் போய் வண்டி நின்னுடுச்சு. பின்னாடி வந்த லாரி இடிச்சதுல சம்சாரம் போயிடுச்சு. பின்கதவை மாத்தியாச்சு, இப்ப ஒண்ணும் கிடையாது."

மீட்டர் டார்ச்சை அணைத்தார். "வேணாம் மாப்ள. வா போலாம்."

வழியில் டீக்கடையில் வண்டியை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னார். மாப்பிள்ளை டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தான்.

"வேற யாராவது நம்மகிட்ட இப்படிப் பண்ணியிருந்தா, நீங்க சும்மா விடுவீங்களா மச்சான்?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் மதியம் அந்த டெய்லரின் வீட்டைத் தேடிப் போனார். இரண்டு அறை. தையல் மெஷின் போர்வையால் மூடியிருந்தது. கால் சரியாக மடங்காத ஒரு மனிதர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மீட்டர் நின்றுகொண்டே சொல்லி முடித்தார். அடிப்பார், கத்துவார் என்று எதிர்பார்த்தார். டெய்லர் மெதுவாகக் கேட்டார்:

"அப்ப சார்ஜ் லைட்டு எரியவே இல்லதானே?"

"எரிஞ்சிருக்காதுங்க. எரிய விடாமப் பண்ணது நான்தான்."

"நானும் அதைத்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஆக்சிடெண்டுக்கப்புறம் செக் பண்ண வந்தவரு வேற பேட்டரி மாட்டிச் சாவியைப் போட்டாரு, லைட்டு எரிஞ்சுது. நான்தான் கவனிக்காம ஓட்டியிருக்கேன்னு எழுதிட்டாரு. என் பொண்ணும் அதையே நம்பிட்டா. அம்மாவைக் கொன்னுட்டீங்கன்னு சொல்லிட்டுப் போனவதான். ரெண்டு வருஷமா எங்கிட்ட பேசுறதில்ல." சுவரைப் பிடித்து எழுந்தார். "இதை அவகிட்ட வந்து சொல்லுவியா?"

மகள் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். அப்பாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மீட்டர் மருந்து வாங்க வந்தவர்கள் காதில் விழும்படியே சொன்னார். மெல்லச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு கவுன்டரைத் திறந்துகொண்டு வெளியே வந்து, அவரைத் தாண்டிப் போய், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மீட்டர் போலீஸில் எழுதிக் கொடுத்தார். இந்த ஆளை நான் பார்த்ததே இல்லை என்று வியாபாரி சத்தியம் செய்தான். காட்டுவதற்கு ரசீதோ சாட்சியோ இல்லை. வழக்கு இவர் தலையில் மட்டும் விழுந்தது. கடைக்கு ஆள் வருவது நின்றது. "உன்னை யாரு போய்ச் சொல்லச் சொன்னா?" என்று மனைவி ஒருமுறை கேட்டாள், அதன்பிறகு கேட்கவில்லை. தங்கை மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தாள்.

முதல் விசாரணை நாளன்று, கோர்ட் வராந்தாவில் அந்தப் பெண் அவர் எதிரே வந்து நின்றாள்.

"அந்த லைட் ஒழுங்கா எரிஞ்சிருந்தா எவ்வளவு நேரம் கிடைச்சிருக்கும்?"

உறுதியாகச் சொல்ல முடியாதும்மா என்று சமாளிக்கலாம். பக்கத்தில் இருந்த வக்கீலும் கண்ணைக் காட்டினார்.

"லைட்டு எரிஞ்சப்புறமும் வண்டி அரைமணி நேரம் ஓடியிருக்கும்மா. ஓரங்கட்ட தாராளமா நேரம் இருந்திருக்கும்."

அவள் தலையை மட்டும் அசைத்தாள். போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காதருகே குனிந்து அதைச் சொன்னாள். டெய்லர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். உள்ளேயிருந்து மீட்டரின் வழக்கைக் கூப்பிட்டார்கள்.