நாலிலேயே நின்ற எண்

அழுகிய வஞ்சிரத்தின் நாற்றம் எத்தனை சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாது. அது என் வேலையின் நாற்றம் என்பதுதான் இன்னும் கேவலம்.

மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்து திண்டிவனத்தில் மீன் விற்கும் ஓர் அக்காவின் குளிர்பெட்டிக்கு, வெப்பநிலை காட்டும் சின்னக் கருவி செய்து கொடுத்திருந்தேன். பெட்டிக்குள் ஒரு சென்சார், வெளியே ஒரு மைக்ரோகண்ட்ரோலர், எண் காட்டும் திரை. பெட்டியின் மோட்டார் ஓடத் தொடங்கினால் எண் பேயாட்டம் ஆடும். நாலு, பதினொன்று, மைனஸ் மூன்று.

"இன்னா தம்பி, ஆடிக்கினே கீது? ஒரே பேஜாரு. எத நம்புறது?" என்றார்.

காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். சென்சாரின் ஒயரை மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். இரண்டுக்கும் ஒரே கிரவுண்ட் ஒயர் வேறு; மோட்டாரின் மின் இரைச்சல் சென்சாரின் அளவில் கலந்தது. பிரித்துப் போட்டு, சென்சார் வந்து சேரும் இடத்தில் ஒரு கெப்பாசிட்டர் வைத்தால் இரைச்சல் அடங்கிவிடும். கெப்பாசிட்டர் வாங்க விழுப்புரம் போக வேண்டும். சோம்பேறி நான், உட்கார்ந்த இடத்திலேயே புரோகிராமில் ஒரு வரி எழுதினேன்: எண் இரண்டு டிகிரிக்கு மேல் தாவினால் அதைத் தள்ளிவிடு, பழையதையே காட்டு. எண் பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்தது. அதைப் பார்த்துப் பூரித்துப்போனதை நினைத்தால் இப்போது குமட்டுகிறது.

"இனிமே மூடிய தொறந்து தொறந்து பாக்காதீங்கக்கா, நம்பர மட்டும் பாருங்க" என்று உபதேசம் வேறு.

ஒரு ஞாயிறு வியாபாரத்துக்காக முந்தின நாளே பெட்டி நிறைய வஞ்சிரம் வாங்கி வைத்திருந்தார். பெட்டியில் கேஸ் கசிந்துவிட்டது. குளிர் ஏறாததால் மோட்டார் ஓயாமல் ஓடியது. ஓட ஓட ஒவ்வொரு அளவும் தாவியது. தாவிய அத்தனையையும் என் வரி தள்ளிவிட்டது. உள்ளே மீன் அழுகிக்கொண்டிருக்க, வெளியே நாலு.

காலையில் கூப்பிட்டார். மூடியைத் தூக்கியதும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். திட்டுவார் என்று நின்றேன்.

"சாயங்காலத்துலருந்து மோட்டாரு நிக்கவே இல்ல தம்பி. தொறந்து பாக்கலாம்னு கை போச்சு. நீ சொன்னியேன்னு கைய எடுத்துக்கினேன்."

திட்டியிருக்கலாம்.

அன்றே விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன். கேஸ் அடைத்த பிறகு ஒயரைப் பிரித்து, கெப்பாசிட்டர் வைத்து, அந்த வரியை அழித்தேன். அரை மணி நேர வேலை. என் மேல் எனக்குள்ள அருவருப்பெல்லாம் அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான்.

இப்போது மோட்டார் ஓடினாலும் எண் ஆடுவதில்லை, உண்மையைத்தான் சொல்கிறது. அக்கா அந்தத் திரையின் மேல் தன் கூடைப்பையை மாட்டி வைத்திருக்கிறார். நான் பக்கத்தில் நிற்கும்போதே மூடியைத் திறந்து, குனிந்து, மோந்து பார்க்கிறார்.