மேடையில் சொன்ன வார்த்தை

பேசச் சொன்னால் எனக்குப் பயமே கிடையாது. சித்தூரில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். வகுப்பில் தெலுங்கு, வீட்டில் தமிழ், சபையில் இரண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளையே அடக்கத் தெரிந்தவளுக்கு எங்கள் சபையின் பெண்கள் கூட்டம் பெரிய விஷயமில்லை. வருடத்துக்கு ஒரு முறையாவது என்னைத்தான் பேசக் கூப்பிடுவார்கள்.

அப்படி ஒரு வருடம் கருக்கலைப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பள்ளியிலிருந்து கரு வளர்ச்சிப் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். எந்த வாரத்தில் இதயம் துடிக்கிறது, எப்போது விரல்கள் பிரிகின்றன என்று குச்சியால் தொட்டுக் காட்டினேன். பிறகு குரலை உயர்த்தினேன். "எந்தக் காரணம் சொன்னாலும் கொலை கொலைதான். கர்த்தர் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல நீங்கள் யார்?" என்று கேட்டேன். பெண்கள் அழுதார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

கடைசி ஜெபத்துக்கு முன்னால் பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து வெளியே போனாள். திருப்பதியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருப்பவள், முப்பது வயது இருக்கும். அதற்குப் பிறகு அவள் சபைக்கே வரவில்லை. ஒரு மாதம் கழித்துப் பாஸ்டரம்மா என்னிடம், "அவளுக்கு நாலாம் மாசத்துல டாக்டருங்க எடுத்துட்டாங்க. உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் நான் அவளைப் போய்ப் பார்க்கவில்லை. "இருக்கறதத்தானே சொன்னேன், அவ ஏன் கோவிச்சிக்கணும்?" என்று பதில் சொன்னேன். அதை இப்போது எழுதக் கை கூசுகிறது.

இரண்டு வருடம் போயிற்று. எனக்கு நாற்பத்தொரு வயது. மகள் இன்டர் இரண்டாம் வருடம், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நான் மறுபடி கருவுற்றேன்.

ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் மாங்கூழ் ஃபேக்டரியில் ஷிப்ட் சூப்பர்வைசர். மாம்பழ சீசனில் வீட்டுக்கு வரவே நேரமில்லாதவர், அந்த வருடம் மட்டும் தினமும் மதியம் போன் செய்து சாப்பிட்டேனா என்று கேட்டார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஐந்தாம் மாத ஸ்கேனில் டாக்டரம்மா நெடுநேரம் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். குழந்தைக்கு உதடு பிளந்திருக்கிறது. மேலண்ணமும் பிளந்திருக்கலாம். சில குழந்தைகளுக்கு இதோடு இதயத்திலோ மூளையிலோ வேறு கோளாறும் சேர்ந்து வரும், அதை இங்கே உறுதியாகச் சொல்ல முடியாது.

"உங்க வயசையும் பாத்துக்கோங்கம்மா. வேணாம்னா சட்டத்துல இடம் இருக்கு, ஆனா ரொம்ப நாள் இல்ல. நான் இதுதான் செய்யுங்கன்னு சொல்லமாட்டேன். யோசிச்சு வாங்க" என்றார். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. சொல்ல வேண்டியதை நேராகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எடுத்துடலாம்னு தோணுது" என்றார்.

"இன்னாங்க சொல்றீங்க?"

"நானும் ஜெபம் பண்றவன்தான். கர்த்தரு டாக்டருக்கும் புத்தி குடுத்துதானே வெச்சிகீறாரு? நமக்கு வயசாய்க்கினே போவுது. நமக்கப்பறம் இந்தப் புள்ளைய யாரு பாத்துக்குவாங்க? பெரியவ தலையிலதானே விடியும்?"

அவர் பயந்த அதே விஷயத்துக்கு நானும் பயந்தேன். அந்த வாரம் முழுக்க எடுத்துவிடச் சம்மதம் என்று மனதுக்குள் நானே இரண்டு முறை கையெழுத்துப் போட்டுவிட்டேன். மேடையில் சொல்லும்போது அவ்வளவு சுலபமாக வாயில் வந்த வார்த்தை, என் வீட்டுக் கூடத்தில் ஒரு தடவைகூட வரவில்லை.

பாஸ்டரிடம் போனோம். அவர் ஒரு வசனத்தைச் சொல்லி அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ, "உயிர் கர்த்தருடையதுன்னு நான் நம்பறேன். ஆனா அத வெச்சி உங்கள மிரட்டமாட்டேன். பயப்படறவங்கள மிரட்டி எடுக்க வைக்கிற முடிவு நிக்காது. முதல்ல முழுசா தெரிஞ்சிக்கோங்க. நம்ம சபையில விவரம் தெரிஞ்சது ஒருத்திதானே?" என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று தெரிந்தது. அன்று எழுந்து போன நர்ஸைத்தான்.

சனிக்கிழமை காலை எங்கள் ஊர் கிரீம்ஸ்பேட்டையில் அவள் வீட்டுக்குப் போனேன். மொட்டை மாடியில் வெள்ளை யூனிஃபார்மை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் "வாங்கக்கா" என்றாள், சிரிக்கவில்லை. கீழே கூட்டிப்போய் நாற்காலி போட்டாள். வரும் வழியெல்லாம் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் மறந்துபோய் ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டினேன். இரண்டு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தாள்.

"இதுக்கா வந்தீங்க?"

"இதுக்கும்தான். உங்கிட்ட மன்னிப்பு கேக்கவும் வந்தேன்."

ரிப்போர்ட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "அன்னிக்கு நீங்க பேசிக்கினு இருந்தப்ப நான் என் வலது கையையே பாத்துக்கினு இருந்தேங்கா. அந்தக் கையாலதான் சைன் போட்டேன். பனிக்குடம் ஒடைஞ்சி, ஜுரம் ஏறி, எனக்கு நெனவு தப்பிக்கினே இருந்துது. புள்ளைக்குத் துடிப்பு இருந்துது. எடுக்கலன்னா ரெண்டு பேருமே போயிடுவோம்னாங்க. எட்டு வருஷம் வேண்டிக்கினு கெடச்ச புள்ளக்கா அது."

"நீ செஞ்சதுல தப்பே இல்லம்மா" என்று ஆரம்பித்தேன்.

கையை உயர்த்தி நிறுத்தினாள். "அத நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணும்னு இல்ல. கர்த்தர்கிட்ட நானே பேசிட்டேன். உங்க கொள்கை தப்புன்னும் நான் சொல்லல. நானும் அதத்தான் நம்பறேன். ஆனா நீங்க பேசினதுல என்ன மாதிரி ஒருத்தி உக்கார எடமே இல்லாம போச்சு."

நான் அழுதேன். அவள் அழவில்லை. உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எடுக்கலாமா வேணாமான்னு எங்கிட்ட கேக்காதீங்க. உங்க மனசுல இன்னா கீது, அதச் சொல்லுங்க."

"பெத்துக்கணும். ஆனா பயமா இருக்கு." அந்த ஒரு வாரத்தில் அதை வாய் விட்டுச் சொன்னது அப்போதுதான்.

"பயமா இருந்தா பரவால்லக்கா. பயந்துக்கினே செய்யலாம். திங்கக்கெழம எங்கூட திருப்பதிக்கு வாங்க. அண்ணனையும் கூட்டிக்கினு வாங்க."

அவள் தினமும் வேலைக்குப் போகும் ரயிலிலேயே போனோம். பாகாலா தாண்டும்வரை என் வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். அவள் டப்பாவைத் திறந்து, "அண்ணா, ரெண்டு இட்லி துன்னுங்க, வெறும் வயித்துல கவலப்படக் கூடாது" என்றாள். அவர் சிரித்துவிட்டார். பல நாட்களுக்குப் பிறகு பார்த்த சிரிப்பு.

திருப்பதியில் பெரிய ஸ்கேன் எடுத்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறது. மூளை, முதுகெலும்பு எல்லாம் நன்றாக இருக்கின்றன. உதடும் அண்ணமும் மட்டும்தான். பிளவைத் தைக்கும் டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, "பர்வாலேதம்மா, பரவால்ல, இது நாங்க தினம் செய்யற வேலை" என்றார். பால் கொடுப்பது கஷ்டம், காது அடிக்கடி சீழ் பிடிக்கும், பேச்சு தாமதமாகும் என்று அதையும் மறைக்காமல் சொன்னார்.

வெளியே காத்திருக்கும் கூடத்தில் ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று பலூன் ஊதிக்கொண்டிருந்தது. மேலுதட்டில் மெல்லிய ஒரு கோடு, பாவாடை முழுக்கப் பேனா மை. என் வீட்டுக்காரர் அதையே பார்த்தார். பிறகு எழுந்துபோய் அதன் அப்பாவிடம் பேச ஆரம்பித்தார். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"அதுக்கும் அண்ணத்துல பெரிய ஓட்டை இருந்துதாம். ஓட்டை இருந்தா பலூன் ஊத முடியாதாமே, காத்து மூக்கு வழியா போயிடுமாம். அது மூணாவது பலூன் ஊதுது."

சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பெத்துக்கலாம். பெரியவகிட்ட நான் பேசறேன்" என்றார்.

நான் எத்தனை கூட்டங்களில் பேசியிருப்பேன். என் வீட்டுக்காரரின் மனதை மாற்றியது அந்தப் பேச்சுகளில் ஒன்றுகூட இல்லை.

திருப்பதியிலேயே பிறந்தாள். பெண். முதலில் அவளைக் கையில் வாங்கியவள் அந்த நர்ஸ்தான். "அக்கா, குரல் கேட்டீங்களா? சபைக்கு ஒரு பாட்டுக்காரி வந்துட்டா" என்று என் மார்பில் போட்டாள்.

குழந்தையைப் பார்க்கப் புத்தூரிலிருந்து என் நாத்தனார் வந்தார். எட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளியே நின்றார். "கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தியா?" என்றார்.

"இந்த ஒம்போது மாசத்துல நம்ம ஊருல கிரகணமே வரல அண்ணி."

"அப்பறம் இன்னா காரணம்?"

"காரணம் எதுவா இருந்தா இன்னா? பசிக்குது அவளுக்கு. புடிங்க" என்று குழந்தையை அவர் மடியில் வைத்துப் பால் புகட்டும் பாலாடையைக் கையில் கொடுத்தேன். குழந்தையை நிமிர்த்திப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், கொஞ்சம் அவசரப்பட்டால் மூக்கு வழியாக வந்துவிடும். நாத்தனாரின் கை என் கையைவிட நிதானமான கை. ஒரு வாரத்துக்கென்று வந்தவர் மூன்று மாதம் இருந்தார். குழந்தையின் எடை ஏறியதில் பாதிப் பெருமை அவருக்கு.

ஐந்தாம் மாதத்தில் உதட்டைத் தைத்தார்கள். ஆபரேஷன் முடிந்து கொண்டுவந்து காட்டியபோது நான் திடுக்கிட்டுப் போனேன். அவ்வளவு அழகாகத்தான் இருந்தாள். ஆனால் காது வரைக்கும் விரியும் அந்தப் பழைய சிரிப்பு போய்விட்டது. அதற்காக நான் அழுதபோது எல்லோரும் என்னை விநோதமாகப் பார்த்தார்கள். நர்ஸ் மட்டும், "எல்லா அம்மாவும் இங்க இதுக்கு அழுவாங்கக்கா" என்று தோளைத் தட்டினாள். ஒன்றரை வயதில் அண்ணத்தையும் மூடினார்கள்.

அந்த வருடம் பெண்கள் கூட்டத்துக்கு என்னை மறுபடி கூப்பிட்டார்கள். அதே தலைப்பு. நேராக அவள் வீட்டுக்குப் போனேன். "நீ வந்து உக்காந்தாதான் நான் பேசுவேன்" என்றேன். யோசித்தாள். "முன்வரிசையில எல்லாம் உக்கார மாட்டேன்" என்றாள். ஆனால் வந்தாள்.

படமும் குச்சியும் கொண்டுபோகவில்லை. இடுப்பில் குழந்தையோடுதான் எழுந்து நின்றேன். "கருவில் இருப்பது கர்த்தருடைய பிள்ளை என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அதில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. ஆனால் அன்று இந்த மேடையிலிருந்து ஒரு தாயின் மேல் கல்லெறிந்தேன். அவள் யார் என்று கேட்காதீர்கள். அவளிடம் உங்கள் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். பெற்றுக்கொள் என்று ஒருத்தியிடம் சொல்ல வாய் திறப்பவர்கள், பெற்ற பிறகு பாலாடை பிடிக்கக் கையையும் நீட்ட வேண்டும். எனக்கு நீட்டினார்கள். அதனால்தான் என்னால் நிற்க முடிந்தது" என்றேன்.

குழந்தை என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. பின்வரிசையில் அவள் எழுந்தாள். வெளியே போகப்போகிறாள் என்று நினைத்தேன். நடுவழியாக எல்லோரையும் கடந்து வந்து, என் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள்.

"அது நான்தான்" என்றாள் கூட்டத்தைப் பார்த்து.

கூட்டம் முடிந்ததும் மூன்று பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒவ்வொருத்தியிடமும் வருடக்கணக்காக யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. அதிலிருந்து எங்கள் சபையில் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்தவள் எவளாக இருந்தாலும் முதலில் அவள் வீட்டுக்குத்தான் போகிறாள். சிலர் பெற்றுக்கொண்டார்கள். ஒருத்தி, உயிருக்கே ஆபத்து என்று, பெறவில்லை. அவளோடும் திருப்பதிக்கு நாங்கள் இருவரும் போனோம். வீட்டுக்கு வந்த பிறகு பத்து நாள் சமைத்துக் கொடுத்தோம்.

என் சின்னவளுக்கு இப்போது நான்கு முடிந்துவிட்டது. அப்பாவைக் கூப்பிடும் நைனா, பிறகு அம்மா எல்லாம் சீக்கிரமே வந்துவிட்டன. பகரம்தான் வரவில்லை. அந்த எழுத்து வரும் இடத்திலெல்லாம் மூக்கில் ஒரு காற்றுதான் வரும். பேச்சுப் பயிற்சி தருபவர், உள்ளங்கையில் பஞ்சை வைத்து வாயால் ஊதித் தள்ளச் சொல்லிக் கொடுத்தார். வீடு முழுக்கப் பஞ்சு பறந்தது.

போன மாதம் பரிசோதனைக்குப் போகச் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தோம். படியில் தொங்கியபடி கண்டக்டர், "திருப்பதி, திருப்பதி! ரண்டி, ரண்டி!" என்று தெலுங்கில் வரச்சொல்லிக் கூவினார். என் கையை உதறிவிட்டு இவள் முன்னால் போய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைவிடச் சத்தமாகக் கத்தினாள்.

"திருப்பதி! திருப்பதி பஸ்! ரண்டி!"

ஒவ்வொரு பகரமும் பட்டென்று உதட்டில் வெடித்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கண்டக்டர் இறங்கி வந்து அவளைத் தூக்கி முதல் சீட்டில் உட்கார வைத்து, "இன்னும் நாலு தடவ கூப்புடு பாப்பா, வண்டி நெறயட்டும்" என்றார். அவள் கூப்பிட்டாள். வண்டி நிறைந்தது.